உலகம் முடிந்தது... (தொடரும்!)

போன மாதம் ஒரு சாயங்காலம் என் மனைவி காணாமல் போனாள். மொத்தம் பதினோரு நிமிஷம்.

ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வருகிறேன். கதவு திறந்து கிடக்கிறது. ஃபேன் ஓடுகிறது. டி.வி.யில் ஒரு மாமியார் மருமகளை முறைத்துக்கொண்டிருக்கிறார். அடுப்பில் பால். சோபாவில் ஒரு நைட்டி, அதன் மேல் அவளுடைய மூக்குக் கண்ணாடி. ஆளை மட்டும் காணோம்!

மற்ற நாளாக இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு நிம்மதியாகப் பேப்பரைப் பிரித்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கூப்பிட்டுப் பார்த்தேன். பாத்ரூம் கதவைத் தட்டினேன். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன் என்றால் நம்புவீர்களா?

பதினோராவது நிமிஷம், தோளில் துணி மூட்டையோடு மேலேயிருந்து இறங்கி வந்தாள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? மொட்டை மாடில துணி எடுத்துட்டிருந்தேன்."

தப்பு அவள் மேல் இல்லை. பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டே நான் படித்து வந்த புத்தகத்தின் மேல்.

கதை இப்படி ஆரம்பிக்கிறது. சிகாகோவிலிருந்து லண்டனுக்கு ஒரு 747 ஜம்போ விமானம். அட்லாண்டிக் கடலுக்கு மேலே நடுராத்திரி. கேப்டன் ரேஃபோர்ட் ஸ்டீல் கல்யாணமானவர். ஆனால் அவர் மனசு வீட்டில் இல்லை, விமானத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஹேட்டி என்கிற அழகான பணிப்பெண். மனுஷர் மெல்ல எழுந்து அவளைப் பார்க்கப் போகிறார். அவளோ அழுதுகொண்டு எதிரே ஓடி வருகிறாள். பயணிகளைக் காணோம்! ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, நூறு பேருக்கு மேல். கதவு ஜன்னல் எதுவும் திறக்கவில்லை. ஸீட்டில் சட்டை, பேண்ட், ஷூ எல்லாம் போட்டது போட்டபடி இருக்கிறது. உள்ளே இருந்த ஆசாமி மட்டும் ஆவி!

உலகம் முழுக்க இதே கதி. குழந்தைகள் அத்தனையும் மாயம். ஓட்டுநர் இல்லாத கார்கள் மோதுகின்றன, பைலட் இல்லாத விமானங்கள் விழுகின்றன. ரேஃபோர்ட் எப்படியோ சிகாகோவுக்குத் திரும்பி, அடித்துப் பிடித்து வீடு வந்து சேர்ந்தால், படுக்கையில் மனைவியின் இரவு உடை மட்டும் கிடக்கிறது. மகனும் இல்லை. "இயேசு வந்து தம்முடையவர்களை எடுத்துக்கொள்வார்" என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இவர்தான் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் ஐயா நான் தாம்பரத்தில் இறங்கினேன்!

புத்தகத்தின் பெயர் 'லெஃப்ட் பிஹைண்ட்'. 'பின்னால் விடப்பட்டவர்கள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியான வருஷம் 1995. அட்டையில் இரண்டு பெயர்கள்: டிம் லஹேய், ஜெர்ரி பி. ஜென்கின்ஸ். ஒரே புத்தகம் என்று ஆரம்பித்து, மூன்று என்றாகி, 12-இல் வந்து நின்று, அப்புறம் முன்கதை பின்கதை எல்லாம் சேர்த்து 16 ஆனது. மொத்தம் 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. உலகத்தின் முடிவை இவ்வளவு நீளத் தொடர்கதையாக்கி இவ்வளவு பேரிடம் விற்றவர்கள் வேறு யாரும் இல்லை.

பென்சில் திருடிய பையன்

புத்தகத்தை எனக்குக் கொடுத்தவர் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் அண்ணாச்சி. சொந்த ஊர் பாளையங்கோட்டை. ரிடையர் ஆக இரண்டு வருஷம் இருக்கிறது. மறுநாள் என் பதினோரு நிமிஷக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, எனக்கு அப்ப எட்டு வயசு இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வாரேன், வீட்ல அம்மையக் காணோம். அடுப்புல மீன்கொழம்பு கொதிச்சுக்கிட்டுக் கெடக்கு. பக்கத்து வீட்டை எட்டிப் பாத்தேன், அங்கயும் ஆளில்ல. அதுக்கு மொத ஞாயித்துக்கெழமதான் கோயில்ல இரகசிய வருகையப் பத்திப் பிரசங்கம். சரி, எல்லாரையும் எடுத்துக்கிட்டாரு, பென்சில் திருடினதுக்காக என்னைய மட்டும் விட்டுட்டாருன்னு முடிவே பண்ணிட்டேன். நடுத்தெருவுல உக்காந்து அப்பிடி ஒரு அழுகை!"

"அப்புறம் அம்மா எங்கே அண்ணாச்சி?"

"ரேஷன் கடைல சீனி போடுதான்னு தெருவே ஓடிருக்கு!"

'இரகசிய வருகை' என்று நம் ஊர் சபைகளில் சொல்கிற இதற்கு ஆங்கிலத்தில் 'ரேப்ச்சர்' என்று பெயர். பைபிளில் தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் நிருபம் நாலாம் அதிகாரத்தை இதற்கு ஆதாரமாகச் சொல்கிறார்கள். கிறிஸ்து வானத்திலிருந்து வருவார், மரித்த விசுவாசிகள் முதலில் எழுந்திருப்பார்கள், உயிரோடிருப்பவர்கள் அவர்களோடு மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள்... அதற்கப்புறம் பூமியில் மிச்சம் இருப்பவர்களுக்கு ஏழு வருஷம் உபத்திரவ காலம். ஒருவன் வருவான், அந்திக்கிறிஸ்து. ஊரையே ஏமாற்றுவான். கடைசியில் கிறிஸ்து பகிரங்கமாகத் திரும்பி வந்து கணக்குத் தீர்ப்பார்.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இதை ஒத்துக்கொள்வதில்லை. கத்தோலிக்கர்களும் லூத்தரன்களும் இந்த வரிசையை ஏற்பதில்லை. இந்த வடிவத்தில் இதைப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி என்கிற பிரசங்கியார். காலம் 1830-கள். 1909-இல் ஸ்கோஃபீல்ட் என்பவர் பைபிளுக்குக் குறிப்புகள் எழுதி வெளியிட, அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. 1970-இல் ஹால் லிண்ட்ஸே என்பவர் இதையே அன்றைய பத்திரிகைச் செய்திகளோடு முடிச்சுப் போட்டு எழுதினார். லட்சக்கணக்கில் விற்றது.

ஆக, நம்பிக்கையும் பழசு, வியாபாரமும் பழசு. லஹேய் செய்த புதுசு என்ன? அதற்கு அவருடைய ஒன்பதாவது வயசுக்குப் போக வேண்டும்.

டெட்ராய்ட், ஒரு கல்லறை

டிம் லஹேய் பிறந்தது 1926 ஏப்ரல் 27, டெட்ராய்ட் நகரம். கார் தொழிற்சாலைகளின் ஊர். அப்பா மாரடைப்பில் இறந்தபோது பையனுக்கு வயசு ஒன்பது. அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தக் காலம் அது.

அடக்கத்தின்போது பாஸ்டர் ஒரு விஷயம் சொன்னாராம். இது உங்கள் அப்பாவின் முடிவு இல்லை, கிறிஸ்து வருகிற நாளில் அவர் எழுந்திருப்பார், நீங்கள் எல்லோரும் அவரை வானத்தில் சந்திப்பீர்கள் என்கிற பொருளில். அந்த நிமிஷத்தில்தான் தனக்கு நம்பிக்கை வந்தது என்று லஹேய் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். உலக அழிவு, ஏழு தலைக் கணக்கு, 666 என்று நமக்குப் பயமாகத் தெரிகிற அதே சமாசாரம், அந்தப் பையனுக்குப் பயமே இல்லை. அப்பாவைத் திரும்பப் பார்க்க ஒரு வழி. அவ்வளவுதான்! 'லெஃப்ட் பிஹைண்ட்' என்கிற தலைப்புக்கு முதல் சொந்தக்காரர் கேப்டன் ரேஃபோர்ட் இல்லை. டெட்ராய்ட் கல்லறையில் நின்ற அந்த ஒன்பது வயசுப் பையன்தான்.

அப்புறம் அவர் வாழ்க்கை கிடுகிடுவென்று ஓடியது. 1944-இல் விமானப் படையில் சேர்ந்து குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரர். போர் முடிந்ததும் பாப் ஜோன்ஸ் என்கிற படு கண்டிப்பான கிறிஸ்தவக் கல்லூரியில் படிப்பு. அங்கேயே பெவர்லி என்கிற பெண்ணைச் சந்தித்து, 1947-இல் கல்யாணம். 1956-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பாப்டிஸ்ட் சபைக்குப் பாஸ்டராகப் போய், 25 வருஷம் அங்கேயே இருந்தார். 1970-இல் கல்லூரி ஒன்றை ஆரம்பித்தார்.

நடுவில் புத்தகங்கள் வேறு. முதல் புத்தகம் 1966-இல். மனித சுபாவம் நாலு வகை, உங்களுடையது எது, அதை எப்படிச் சரி பண்ணுவது என்று. நம் ஊர் ராசிபலன் பக்கம் மாதிரி இதற்கும் ஏக வரவேற்பு.

அடுத்து சொல்லப் போவதைக் கல்யாணமாகாத வாசகர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும். 1976-இல் லஹேய் தம்பதி சேர்ந்து எழுதிய புத்தகம் 'தி ஆக்ட் ஆஃப் மேரேஜ்'. விஷயம் தாம்பத்திய உறவு. பாஸ்டரும் அவர் மனைவியும் பெட்ரூம் சந்தேகங்களுக்கு வெளிப்படையாகப் பதில் சொன்னால் சபையில் என்ன ஆகும்? ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போனார்கள்! லட்சக்கணக்கில் விற்று, இன்றைக்கும் கல்யாணப் பரிசாகக் கொடுக்கிறார்கள்.

கூடவே அரசியல். 1979-இல் ஜெர்ரி ஃபால்வெல் ஆரம்பித்த 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பின் குழுவில் லஹேய் இருந்தார். அதே வருஷம் பெவர்லி பழமைவாதப் பெண்களுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார். ரீகன் ஜெயித்த 1980 தேர்தலில் சபைகளின் ஓட்டு திரண்டது இந்த மாதிரி ஆட்களின் உழைப்பால்தான். 1987-இல் ஜாக் கெம்ப் என்பவர் ஜனாதிபதி வேட்பாளராகப் பார்த்தபோது, லஹேய் அவருடைய பிரசாரக் குழுவில் ஒரு தலைவர். சில நாளிலேயே விலக வேண்டியதாயிற்று. கத்தோலிக்க மதத்தைப் பொய் மதம் என்று அவர் முன்பு எழுதியிருந்ததைப் பத்திரிகைகள் தோண்டி எடுத்துவிட்டன.

இந்தப் பிடிவாதம் அவரிடம் கடைசி வரை இருந்தது. மறைக்க வேண்டியதில்லை.

மோதிரம் இருந்த விரலும் இல்லாத விரலும்

பிரசங்கத்துக்காக அமெரிக்கா முழுக்க விமானத்தில் அலைகிற மனுஷர் அவர். ஒரு நாள் விமானத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். பைலட் ஒருவர் பணிப்பெண்ணிடம் குழைந்து பேசிக்கொண்டிருக்கிறார். பைலட் விரலில் கல்யாண மோதிரம். அந்தப் பெண் விரலில் ஒன்றும் இல்லை.

நீங்களும் நானும் பார்த்திருந்தால், மறுநாள் காண்டீனில் ஒரு கிசுகிசுவோடு முடிந்திருக்கும். லஹேய்க்குத் தோன்றியது வேறு: 'இந்த நிமிஷம் வருகை நடந்து, நூறு பேர் காணாமல் போனால் இந்த ஆள் என்ன செய்வான்? வீட்டில் இருக்கிற அவன் மனைவி காணாமல் போயிருந்தால்?'

கதை கிடைத்துவிட்டது. ஒரே ஒரு பிரச்னை... அவருக்குக் கதை எழுத வராது!

பிரசங்கம் எழுதுவார், அறிவுரை எழுதுவார். வசனம் எழுதக் கை ஓடவில்லை. அப்போது அவருடைய ஏஜென்ட் கைகாட்டிய ஆள்தான் ஜெர்ரி ஜென்கின்ஸ். 1949-இல் பிறந்தவர். பள்ளிக்கூட நாளிலிருந்தே பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்தி எழுதியவர். வால்டர் பேட்டன், நோலன் ரயன் மாதிரி பெரிய விளையாட்டு வீரர்களின் சுயசரிதைகளை அவர்களோடு சேர்ந்து எழுதியவர். புகழ்பெற்ற சுவிசேஷகர் பில்லி கிரஹாம் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது கூட இருந்து உதவியவர். அடுத்தவர் மனசில் இருப்பதை அடுத்தவர் பாணியில் எழுதித் தருவதில் கில்லாடி.

வேலைப் பங்கீடு சுலபம். எந்தச் சம்பவம் எந்த வரிசையில் நடக்கும், எந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று லஹேய் குறிப்பு தருவார். மனுஷர்களையும் வசனத்தையும் துரத்தலையும் ஜென்கின்ஸ் எழுதுவார். பழைய பாணியில் சொன்னால் லஹேய் கதை, ஜென்கின்ஸ் திரைக்கதை-வசனம். நாவலில் ஒரு வரிகூட லஹேய் எழுதியதில்லை. ஆனால் அட்டையில் அவர் பெயர்தான் முதலில். அதில் ஜென்கின்ஸுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

முதல் புத்தகம் வெளிவந்தபோது லஹேய்க்கு வயசு 69. நம் ஆபீஸ்களில் பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்கிற வயசு!

தெரிந்த கிளைமாக்ஸ்

இந்தக் கதையில் எழுத்தாளனுக்கு ஒரு பெரிய கஷ்டம் உண்டு. முடிவு எல்லோருக்கும் தெரியும். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் சுமார் 1,900 வருஷத்துக்கு முன்பே அச்சடித்த மாதிரி இருக்கிறது. பிறகு ஏன் படிக்க வேண்டும்?

நம் ஊர்த் தெருக்கூத்தில் துரியோதனன் சாகப் போகிறான் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். இருந்தும் விடிய விடியக் கண் விழித்துப் படுகளம் பார்த்துவிட்டுத்தானே வீட்டுக்குப் போகிறோம்? யார் சாவார் என்பதில் இல்லை ரசம். எப்படி, எப்போது, யார் யார் அதற்குள் மனம் மாறுவார் என்பதில்தான்.

ஜென்கின்ஸ் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம்... ஆக 21 தண்டனைகள், ஏழு வருஷக் கெடு. த்ரில்லர் எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கடிகாரம் முதல் பக்கத்திலேயே ஓட ஆரம்பித்துவிடுகிறது.

வில்லன் நிக்கோலே கார்பாத்தியா. ருமேனியாக்காரன், அழகன், பல பாஷை பேசுபவன். ஐ.நா. சபையின் பொதுச் செயலாளராகி, உலகத்துக்கே ஒரே அரசு, ஒரே நாணயம், ஒரே மதம் என்று கொண்டு வருகிறான். தலைநகரம் ஈராக்கில் புது பாபிலோன். ஹீரோக்களில் ஒருவன் பக் வில்லியம்ஸ். அவன் என்ன வேலை தெரியுமா? வாரப் பத்திரிகை நிருபன்! (இந்த இடத்தில் எடிட்டர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.)

எனக்குப் பிடித்த பாத்திரம் ஒரு உதவிப் பாஸ்டர், புரூஸ் பார்ன்ஸ். சபையே மேலே போய்விடுகிறது. இவர் மட்டும் கீழே! வருஷக்கணக்காக ஊருக்கு உபதேசம் செய்தவர், உள்ளுக்குள் தான் நம்பவே இல்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காட்சியில் மட்டும் கதை ஒரு த்ரில்லரைத் தாண்டி எங்கேயோ போகிறது.

விற்பனை? 1998-இல் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதல் நாலு இடத்தையும் இந்த வரிசையின் முதல் நாலு புத்தகங்களே பிடித்தன. 2001 செப்டம்பர் 11-இல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. நிஜமாகவே உலகம் முடிகிறதோ என்று அமெரிக்கா பயந்து கிடந்த வேளை. அடுத்த மாதம் வந்தது ஒன்பதாம் பாகம் 'டெசக்ரேஷன்'. அந்த வருஷம் அமெரிக்காவில் அதிகம் விற்ற நாவல் அதுதான். 1994 முதல் 2000 வரை அந்த நாற்காலியில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தவர் யார்? கோர்ட் கதை மன்னன் ஜான் கிரிஷாம்! அவரையே எழுப்பி விட்டார்கள். 2004 மே மாதம் நியூஸ்வீக் அட்டையில் இரண்டு பேர் படமும் வந்தது. சிறுவர்களுக்கென்று தனியாக 40 குட்டிப் புத்தகங்கள் வேறு.

அடியும் விழுந்தது

சினிமா எடுத்தார்கள். முதல் படம் 2000-இல். விநோதம் என்னவென்றால், முதலில் வீடியோ கேஸட்டில் வெளியிட்டுவிட்டு அப்புறம் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். சொன்னபடி பிரம்மாண்டமாக எடுக்கவில்லை என்று லஹேயே கோர்ட்டுக்குப் போனார். வழக்கு சமரசமாக 2008 ஆகிவிட்டது. ஏழு வருஷ உபத்திரவம் என்று எழுதியவருக்கு வழக்கே எட்டு வருஷம்! 2014-இல் நிக்கோலஸ் கேஜ் நடித்து மறுபடி எடுத்தார்கள். விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள்.

இலக்கியவாதிகளும் விடவில்லை. அட்டைப் பாத்திரங்கள், சாதாரண நடை என்றார்கள். ஜென்கின்ஸ் கோபப்படவில்லை. சாதாரண ஆட்களுக்குத்தான் எழுதுகிறேன், நானே சாதாரண ஆள்தான் என்கிற மாதிரி பதில் சொன்னார்.

நிஜமான அடி வேறு இடத்திலிருந்து வந்தது. 2004-இல் பார்பரா ராஸ்ஸிங் என்கிற லூத்தரன் பைபிள் அறிஞர் எதிர்ப் புத்தகமே எழுதினார். அவர் வாதத்தின் சாரம்: வெளிப்படுத்தின விசேஷத்தின் முடிவில் மனுஷன் தப்பித்து மேலே ஓடுவதில்லை, கடவுள்தான் மனுஷனோடு தங்கக் கீழே வருகிறார். பூமியைக் கைவிடச் சொல்கிற மதம் பூமியை எப்படிப் பார்த்துக்கொள்ளும்? நல்ல கேள்வி.

அதே வருஷம் வந்த 12-ஆம் பாகத்தில் கிறிஸ்து திரும்பி வருகிறார். அவர் வாய் வார்த்தையிலேயே எதிரிகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுகிறார்கள். இதே காட்சியை ஒரு முஸ்லிம் எழுத்தாளர் தன் மதத்தின் பெயரால் எழுதியிருந்தால் நாம் சும்மா இருப்போமா என்று நியூயார்க் டைம்ஸில் நிக்கோலஸ் கிறிஸ்டாஃப் கேட்டார். படித்தபோது எனக்கும் உறுத்திய இடம் அதுதான். நான் நெற்றியில் விபூதி இடுகிற ஆள். கதைப்படி என் ஸீட் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்!

நம் கணக்கு வேறு என்பது ஒரு ஆறுதல். கலியுகம் மொத்தம் 4,32,000 வருஷம். ஓடியிருப்பது 5,000 சொச்சம்தான். அதனால்தான் இங்கே யாரும் அவசரப்படுவதில்லை, ஆபீஸில் ஃபைல் நகர்த்துவது உள்பட.

முடிவுக்குக் காத்திருந்தவரின் முடிவு

ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. எந்த நிமிஷமும் உலகம் முடியலாம் என்று நம்பியவர் லஹேய். நடிப்பு இல்லை, நிஜமாகவே நம்பினார். ஆனால் செய்ததெல்லாம் என்ன? கல்லூரி கட்டினார். 2003-இல், 77 வயசில், வேறொரு பதிப்பகத்தில் புது நாவல் வரிசை ஆரம்பித்தார். அவரிடம் நன்கொடை வாங்கிய பல்கலைக்கழகம் ஒன்றில் 2006-இல் அவர் பெயரில் ஐஸ் ஸ்கேட்டிங் மைதானமே திறந்தார்கள்! நாளைக்கு உலகம் இருக்காது என்பவர் செய்கிற காரியங்களா இவை?

அண்ணாச்சியிடம் கேட்டேன். சிரித்தார்.

"நான் மட்டும் என்ன? வருகைக்குக் காத்திருக்கேன். எல்.ஐ.சி. பிரீமியமும் கட்டுதேன். அவரு எப்ப வருவாரோ, அதுவரைக்கும் வீட்டுல அரிசி வேணும்லா?"

லஹேய் நாவலில் தேதி குறிக்கவில்லை, அது அவருடைய கெட்டிக்காரத்தனம். தேதி குறித்தவர்கள் எல்லாம் அவமானப்பட்டார்கள். 2011 மே 21 என்று ரேடியோவில் முழங்கினார் ஹெரால்ட் கேம்பிங். மே 22 வழக்கம் போல விடிந்தது. 2025 செப்டம்பர் 23, 24 என்று இணையத்தில் ஒரு புரளி சுற்றியது. காரை விற்றுவிட்டேன், வேலையை விட்டுவிட்டேன் என்று சிலர் வீடியோ போட்டார்கள். 25-ஆம் தேதி காலை அவர்கள் முகத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே வளர்ந்த பல பேர், சின்ன வயசில் வீடு காலியாக இருந்தாலே அலறியிருக்கிறோம் என்று இப்போது எழுதுகிறார்கள். அப்பா போன துக்கத்தில் ஒரு பையனைத் தேற்றிய அதே செய்தி, இன்னொரு பையனை நடுத்தெருவில் உட்கார்ந்து அழ வைத்திருக்கிறது. மருந்து ஒன்றுதான், அளவுதான் வேறு. லஹேயின் 6 கோடிப் பிரதிகளில் எத்தனை ஆறுதலாகப் போய்ச் சேர்ந்தன, எத்தனை பயமாகப் போய்ச் சேர்ந்தன என்பதற்கு எந்தப் பதிப்பகத்திலும் கணக்கு இல்லை.

2016 ஜூலை 25. சான் டியேகோ அருகே ஒரு ஆஸ்பத்திரியில், பக்கவாதம் வந்த சில நாளில், டிம் லஹேய் இறந்தார். வயசு 90. கல்யாணமாகி 69 வருஷம் கூட இருந்த பெவர்லி, 2024-இல் போனார். 16 புத்தகத்தில் லட்சோப லட்சம் பேரை மேகத்தில் ஏற்றியவர், தன் முறை வந்தபோது அப்பா போன அதே சாதாரண வழியில்தான் போனார். அப்பாவைப் பார்த்தாரா என்பது அவரவர் நம்பிக்கை. பார்த்திருந்தால் நல்லது. எண்பது வருஷக் காத்திருப்பு.

ஜென்கின்ஸ் அதன் பிறகும் எழுதினார். அவர் மகன் டல்லாஸ் ஜென்கின்ஸ்தான் 'தி சோசன்' என்கிற இயேசு தொடரை எடுத்தவர். அப்பா உலகத்தின் முடிவை எழுதினார், பிள்ளை ஆரம்பத்துக்குப் போய்விட்டார். அந்தத் தொடரையும் நாவலாக எழுதித் தந்தவர் யார் என்கிறீர்கள்? அப்பாவேதான்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். இப்பவும் வீடு காலியா இருந்தா பயமா இருக்கா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க அம்மை போயிப் பன்னெண்டு வருசம் ஆச்சு தம்பி. இப்ப வீட்டுக்குள்ள நொழையும்போது அவ இல்லன்னு தெரியும். ஆனா ரேஷன் கடைக்குத்தான் போயிருக்கான்னு நெனச்சுக்கிடுவேன். நான் தேடிட்டுப் போனாப் பாத்துடலாம். அம்புட்டுதான்."

நான் ஒன்றும் பேசவில்லை. அவர் மேஜை டிராயரைத் திறந்து இன்னொரு தடிப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"ரெண்டாம் பாகம். இன்னும் பதினஞ்சு இருக்கு. இதையாவது ரயில்ல படிக்காத. மொதல்ல வீட்டுக்குப் போயி, வீட்டம்மா இருக்காளான்னு பாத்துட்டு அப்புறமாப் படி!"